ஸ்டேட் தெருவின் பழைய செப்டம்பர்கள்

செப்டம்பர் 17, செவ்வாய்

சிகாகோவுக்குப் பக்கத்தில் நேப்பர்வில்லில் மகள் வீட்டுக்கு வந்து மூன்று நாளாகிறது. தூக்கம் இன்னும் திருப்பூர் நேரத்திலேயே இருக்கிறது. விடிகாலை 3 மணிக்கு எழுந்து, யாரையும் எழுப்பாமல் காபி போட்டுக் குடித்துவிட்டுப் பால்கனியில் உட்கார்ந்திருந்தேன். குளிரும் என்று சொல்லிச் சொல்லியே இரண்டு ஸ்வெட்டர் வைத்து அனுப்பினார்கள். பகலில் 30 டிகிரி அடிக்கிறது. மரமெல்லாம் பச்சையாகத்தான் நிற்கிறது.

ஆனால் சாயங்காலம் மகள் கூட்டிப்போன கடையில் முழுக்கக் கம்பளிக் கோட்டு, பூட்ஸ், காபிக் கொட்டை நிறத்தில் ஸ்வெட்டர். வாங்க வந்த பெண்களோ கையில்லாத பனியனில் இருந்தார்கள். அந்த ஹேங்கர் வரிசைக்கு நடுவே நான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன்.

காரணம் இருக்கிறது. 27 வருஷம் திருப்பூரில் ஏற்றுமதிக் கம்பெனிகளில் மெர்ச்சன்டைசராக, ஆர்டர் வந்ததிலிருந்து கப்பலேறும் வரை பார்த்துக்கொள்கிற வேலையில், இருந்தவள் நான். எங்கள் காலண்டரில் வருஷத்துக்கு இரண்டே சீசன்: சம்மர், ஆட்டம் வின்டர் (இலையுதிர்காலமும் குளிர்காலமும் சேர்த்து). ஆட்டம் வின்டர் ஆர்டருக்குத் தை மாசத்தில் சாம்பிள் ஓடும். சித்திரை வெயிலில் ஃப்ளீஸ் துணி தைப்போம். தையல் மிஷின் ஓடும் பவர் டேபிள் ஹாலில் பஞ்சு பறந்து புருவத்தில் ஒட்டிக்கொள்ளும். தைக்கிற பிள்ளைகள் கழுத்தில் ஈரத்துண்டு போட்டுக்கொண்டு குளிருக்கான தொப்பி வைத்த சட்டை தைப்பார்கள். ஜூன், ஜூலையில் தூத்துக்குடியில் கப்பலேறினால்தான் எங்களுக்கு மூச்சு வரும். இலையுதிர்காலம் என்பது எனக்கு ஒரு ஷிப்மென்ட் தேதி. அந்தத் துணியை இங்கே ஒரு பெண் எப்படிப் பார்த்து, தொட்டு, போட்டுப் பார்த்து வாங்குவாள் என்று நான் நினைத்துப் பார்த்ததே கிடையாது.

"கண்ணு, இந்த ஊரில் அந்தக் காலத்தில் பெரிய கடை எது?" என்று மகளிடம் கேட்டேன். மாப்பிள்ளைதான் பதில் சொன்னார். "மார்ஷல் ஃபீல்ட்ஸ், அத்தை. கடை பேர் மாறிப்போச்சு. கட்டடம் அப்படியே இருக்கு."

நாளைக்கு ரயிலேறப் போகிறேன்.

செப்டம்பர் 18, புதன்

யூனியன் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போனேன். மகள் இரவல் கொடுத்த ஷூ கடித்து, ஆற்றுப் பாலம் தாண்டுவதற்குள் இடது குதிகாலில் கொப்புளம். ஒரு போலீஸ்காரரிடம் வழி கேட்டேன். வழி சொல்லிவிட்டு என் காலைப் பார்த்தார். அடுத்த முக்கிலிருந்த மருந்துக்கடை வரைக்கும் கூடவே வந்துவிட்டுத்தான் போனார்.

ஸ்டேட் தெருவும் வாஷிங்டன் தெருவும் சேரும் முக்கில், கட்டடத்திலிருந்து கைநீட்டின மாதிரி அந்தப் பெரிய கடிகாரம் தொங்குகிறது. 1897-ல் மாட்டியது. வெண்கலம், எடை 7.75 டன். பாசி பிடித்த குளத்துப்படி போல் பச்சையேறியிருக்கிறது. கீழே சுவரில் மார்ஷல் ஃபீல்ட் அண்ட் கம்பெனி என்ற உலோகப் பலகையை இன்னும் கழற்றவில்லை. 2006 செப்டம்பரில் கடை மேசிஸ் ஆனபோது, பழைய பேர் வேண்டும் என்று ஊர்க்காரர்கள் இந்தக் கடிகாரத்துக்கு அடியில்தான் கூடிக் கோஷம் போட்டார்களாம். ஒரு கடையின் பேருக்காகத் தெருவில் இறங்கி நின்றிருக்கிறார்கள்.

உள்ளே போய் அண்ணாந்து பார்த்தேன். ஐந்து மாடி உயரத்தில் டிஃபனி என்கிற கலைஞரின் கண்ணாடிக் கூரை, 1907-ல் செய்தது. சுமார் 16 லட்சம் கண்ணாடித் துண்டுகளைக் கையால் பதித்திருக்கிறார்கள். நீலமும் பொன்னுமாக, பார்க்கப் பார்க்க மயில்கழுத்துப் பட்டை விரித்த மாதிரி மினுங்குகிறது. எனக்குத் துணிதான் ஞாபகம் வரும், வேறென்ன செய்ய. அதற்கு அடியில் சென்ட் விற்கிற பெண் என்னைப் பார்த்துச் சிரித்து, "எல்லோரும் முதலில் மேலேதான் பார்ப்பார்கள்" என்றாள். எதையும் என் தலையில் கட்டப் பார்க்கவில்லை.

ஏழாவது மாடியில் வால்நட் ரூம். ரஷ்யாவிலிருந்து வந்த வால்நட் மரப்பலகை பதித்த சாப்பாட்டுக்கூடம், இதுவும் 1907. இதன் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. 1890-ல் தொப்பிப் பிரிவில் வேலை பார்த்த ஹெரிங் என்கிற அம்மாள், பசியோடிருந்த வாடிக்கையாளருக்குத் தன் மதியச் சாப்பாட்டிலிருந்து கோழி பை, அதாவது கோழிக்கறி வைத்து மேலே மாவு மூடிச் சுட்ட பண்டம், எடுத்துக் கொடுத்திருக்கிறார். அதற்கு முன்பெல்லாம் பசித்தால் பெண்கள் கடையை விட்டு வீட்டுக்குத்தான் போகணும். தனியாக வந்த பெண் உட்கார்ந்து சாப்பிட மரியாதையான இடம் ஊரில் அபூர்வம். அந்த ஒரு பை கொடுத்த யோசனையில் 15 மேசை போட்டு ஒரு டீ ரூம் திறந்தார்கள். அதன் பிறகு பெண்கள் நாள் முழுக்கக் கடையிலேயே இருக்க முடிந்தது.

அதே பையை நானும் வாங்கிச் சாப்பிட்டேன். மேலே பொன்னிறமாக உப்பின மாவு, உள்ளே கோழி, கேரட், பட்டாணி, கெட்டியான வெள்ளைக் குழம்பு. காரம் துளியும் இல்லை, மிளகுத்தூளைக் கவிழ்த்தேன். ஆனால் கொப்புளம் வந்த காலோடு உட்கார்ந்தவளுக்குச் சுடச்சுட அது இதமாகத்தான் இருந்தது. வரி, டிப்ஸ் எல்லாம் சேர்த்து 32 டாலர். மனசுக்குள் ரூபாயாக மாற்றிப் பார்ப்பதை நிறுத்தச் சொல்லி மகள் சொல்லியிருக்கிறாள். இன்னும் நிற்கவில்லை.

பக்கத்து மேசையில் ஒரு பாட்டி தனியாக. வயசு 84 என்று அவராகவே சொன்னார். கழுத்தில் பட்டு ஸ்கார்ஃப், விரலில் கல் மோதிரம். என் சேலையைக் காட்டி, "கைத்தறியா?" என்று கேட்டார். நெகமம் பருத்தி, கைத்தறிதான் என்றேன். தொட்டுப் பார்க்கலாமா என்று அனுமதி கேட்டுவிட்டு, முந்தானையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து லேசாக உருட்டினார். துணி தெரிந்தவர்கள் மட்டும் அப்படித் தொடுவார்கள். நான் என் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டேன்.

தன் சின்ன வயசைப் பற்றி அவர் சொன்னதை ரயிலில் வரும்போது மறக்காமல் எழுதி வைத்தேன்.

செப்டம்பர் முதல் திங்கள் இங்கே தொழிலாளர் தினம். அன்றோடு வெள்ளைச் செருப்பையும் வெள்ளை உடுப்பையும் பெட்டியில் வைத்துவிடணும். மறுவாரம் அம்மா அவரைக் கூட்டிக்கொண்டு ரயிலில் டவுனுக்கு வருவார். கையுறை போடாமல் டவுனுக்கு வரக் கூடாது. வெயில் கொளுத்தினாலும் கையுறை உண்டு. பெரியம்மாவும் அக்கா பிள்ளைகளும் வேறு ரயிலில் வருவார்கள். கடிகாரத்துக்கு அடியில் சந்திப்பு. முதலில் துணி அலங்கரித்து வைத்த கடை ஜன்னல்களை ஒரு சுற்று பார்க்கணும், அப்புறம்தான் உள்ளே.

அந்த ஜன்னல்களைப் பற்றி நானும் கொஞ்சம் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். 1895 முதல் 1944 வரைக்கும் ஆர்தர் ஃபிரேசர் என்கிற ஒருவரே அவற்றுக்குப் பொறுப்பு. இலையுதிர்காலத் திறப்பு என்றால் தெருவில் கூட்டம் நெரியுமாம். வாங்க வசதியில்லாதவரும் வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று அந்த வருஷத்து நிறத்தையும் நீளத்தையும் பார்த்துப்போய், வீட்டில் தாங்களே தைத்துக்கொள்வார்கள்.

உள்ளே போனால் அம்மா நாற்காலியில் உட்காருவார். விற்பனைப் பெண் ஒவ்வொரு கோட்டாகக் கொண்டுவந்து காட்டுவாள். "அவளுக்கு எங்கள் அளவு தெரியும், போன வருஷம் என்ன வாங்கினோம் என்பதும் தெரியும்" என்றார் பாட்டி. பிள்ளைக்குக் கோட்டு எடுத்தால் ஒரு அளவு பெரிசு. விளிம்பை மடித்துத் தைத்து, வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவது. ஸ்டூலின் மேல் நிற்க வைத்து, வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு ஒரு அம்மாள் தரையில் மண்டியிட்டுச் சுற்றிச் சுற்றி அளவு வைப்பார். அசைந்தால் அம்மாவின் பார்வை சுடும். காசு அப்போதே கொடுப்பதில்லை, கணக்கு எண்ணைப் பொறித்த சின்ன உலோகத் தகடு ஒன்று உண்டு. பொட்டலமும் தூக்க வேண்டாம், பச்சை வண்டி வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும். ஒரு கோட்டு வாங்க ஒரு முழு நாள்.

அவருக்கு ரொம்ப நன்றாக ஞாபகமிருப்பது 1947. யுத்தகாலத்தில் எல்-85 என்று ஒரு அரசாணை. பாவாடை இத்தனை நீளம், விளிம்பு இத்தனை அங்குலம் என்று துணியை அளந்துதான் கொடுத்தார்கள். யுத்தம் முடிந்து, 1947 பிப்ரவரியில் பாரிஸில் கிறிஸ்தியன் தியோர் என்கிற உடுப்பு வடிவமைப்பாளர் இடுப்பைச் சிறுத்து, பாவாடையைக் கெண்டைக்கால் வரை இறக்கிக் கஜக்கணக்கில் துணி விட்டார். அந்த இலையுதிர்காலம் சிகாகோவில் அம்மா அந்த நீளத்தில் ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பி நின்றாராம். "எங்கள் அம்மாவுக்கு அத்தனை துணி இருந்து நான் பார்த்ததே இல்லை" என்றார் பாட்டி. அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. அந்த நேரத்தில் நானும் ஒன்றும் பேசவில்லை.

போகும்போது ஃபிராங்கோ என்கிற புதினாச் சாக்லேட் பெட்டியை என் கையில் வைத்தார். ஒரு காலத்தில் இதை இதே கட்டடத்தின் 13-வது மாடியில்தான் செய்தார்களாம். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. என்னிடம் திருப்பிக் கொடுக்க ஒன்றுமில்லை. பையிலிருந்த மதுரை மல்லிகை வாசனை ஊதுபத்திப் பாக்கெட்டைக் கொடுத்தேன். கவரைப் பிரிக்காமலே முகர்ந்து பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

செப்டம்பர் 19, வியாழன்

இன்று நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. வரலாற்று அருங்காட்சியகம் போகலாம் என்று வாஷிங்டன் வாபாஷ் ஸ்டேஷனில் ஏறினேன். ஒரே பிளாட்பாரத்தில் ஐந்து நிற ரயில்கள் வருகின்றன. பழுப்பு நிறத்துக்குப் பதில் பச்சையில் ஏறிவிட்டேன். வடக்கே போக வேண்டியவள் தெற்கே போய்க்கொண்டிருந்தேன்.

பக்கத்து சீட்டில் நர்ஸ் உடுப்பில் ஒரு கறுப்பினப் பெண், என் வயசிருக்கும். என் முழியைப் பார்த்து எங்கே போகணும் என்று கேட்டாள். பழைய கடைகள் பார்க்க வந்த கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்கள் பாட்டி ஸ்டேட் தெருவுக்குப் போகமாட்டாள்" என்றாள்.

அந்தக் கடைகளில் அவர்களைக் கவனிக்க ஆள் வரமாட்டார்களாம். விற்பனை மேசைக்குப் பின்னால் கறுப்பினப் பெண் நிற்பது வெகுகாலம் நடக்காத காரியம். அவள் பாட்டிக்கு இலையுதிர்காலத் துணி என்றால் 47-வது தெருதான். 1928-ல் சவுத் சென்டர் என்று ஒரு பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் அங்கே வந்தது, பக்கத்திலேயே ரீகல் தியேட்டர். அந்தக் கடையில் அவர்கள் ஆட்களே விற்பனையில் இருந்தார்கள். பாட்டி கோட்டு வாங்கினால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குத்தான் முதலில் போடுவாள். 1958-ல் யூனிஸ் ஜான்சன் அம்மையார் தொடங்கிய எபனி ஃபேஷன் ஃபேர், பாரிஸ் உடுப்புகளைக் கறுப்பின மாடல்களுக்குப் போட்டு ஊர் ஊராகக் கொண்டுபோனது. அதைப் பார்க்கவும் பாட்டி தொப்பி வைத்துக்கொண்டு போவாள்.

47-வது தெரு ஸ்டேஷனில் அவள் இறங்கினாள். என்னையும் இறக்கி, எதிர்ப் பிளாட்பாரம் வரைக்கும் வந்து, ரயில் வந்து நான் ஏறும்வரை நின்றாள். அவளுக்கு வேலைக்கு நேரமாகியிருந்தது.

நேற்று முழுக்கக் கண்ணாடிக் கூரையைப் பார்த்து வந்தவள் நான். இந்த ரயில் மாறாமல் போயிருந்தால் ஸ்டேட் தெருவை மட்டும் பார்த்துவிட்டு ஊருக்குப் போய்க் கதை சொல்லியிருப்பேன். அருங்காட்சியகம் போக மனசில்லை. வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

நேற்றிரவு மகள் கேட்டாள்: "அம்மா, விற்ற இடத்தைப் பார்த்தாச்சு. தைச்ச இடத்தைப் பார்க்க வேண்டாமா?" அதற்காகத்தான் இன்று ஹால்ஸ்டட் தெருவில் ஹல் ஹவுஸ். 1889-ல் ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் குடியேறிகளுக்காகத் தொடங்கிய இல்லம். இப்போது பல்கலைக்கழகக் கட்டடங்களுக்கு நடுவில் செங்கல் வீடாக நிற்கிறது.

இந்த வட்டாரத்தில்தான் அந்தக் காலத்துத் தையல் பட்டறைகள். 1910 செப்டம்பர் 22-ம் தேதி, ஹார்ட் ஷாஃப்னர் அண்ட் மார்க்ஸ் கம்பெனியின் ஒரு பட்டறையில் கால்சட்டைப் பைக்குக் கூலி 4 சென்ட்டிலிருந்து 3.75 சென்ட்டாகக் குறைந்தது. கால் சென்ட். ஹானா ஷாபிரோ என்கிற இளம்பெண்ணும் இன்னும் 16 பெண்களும் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே நடந்தார்கள். சில வாரங்களில் சுமார் 40,000 பேர் வெளியே வந்துவிட்டார்கள். இந்த இல்லம் அவர்கள் பக்கம் நின்றது.

கால் சென்ட் என்று படித்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. பீஸ் ரேட்டில் பத்துப் பைசா ஏற்றக் கேட்டு நின்றவர்களுக்குக் கம்பெனி சார்பில் பதில் சொன்ன வாய் என்னுடையது. பையர் (துணி வாங்குகிற கம்பெனி) கொடுத்த விலைக்குள் எப்படியம்மா கட்டும் என்று நான் சொல்லியிருக்கிறேன். அது பொய்யில்லை. ஆனாலும் அந்த முகங்களெல்லாம் அந்தக் கூடத்தில் என் முன்னால் வந்து நின்றன. 1984-ல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூரில் 127 நாள் வேலைநிறுத்தம். எனக்கு 14 வயசு. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்த அப்பா திண்ணையில் உட்கார்ந்து கத்திரிக்கோலுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டே இருப்பார். வீட்டில் இரண்டு வேளையும் ராகிக் களி. அந்தத் தீபாவளி எங்களுக்குப் புதுத்துணி இல்லை.

அங்கிருந்த வழிகாட்டிப் பிள்ளை, கல்லூரி மாணவி, நான் கண்ணைத் துடைப்பதைப் பார்த்துத் தண்ணீர் கொண்டுவந்தாள். எந்த ஊர் என்று கேட்டாள். திருப்பூர் என்றேன். தன் டி-சர்ட்டின் கழுத்து லேபிளைத் திருப்பி இந்தியா என்று இருப்பதைக் காட்டினாள். நான் தோள் தையலையும் கழுத்துப் பட்டையையும் விரலால் தடவிப் பார்த்து, நன்றாகத் தைத்திருக்கிறார்கள் என்றேன். அவள் அந்த இடத்தைத் தானும் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள்.

செப்டம்பர் 21, சனி

விக்கர் பார்க்கில் பழைய உடுப்பு விற்கிற ஒரு கடை. போகிற வழியில் ஸ்டேட், மேடிசன் முக்கில் லூயி சல்லிவன் கட்டிய, கார்சன் என்கிற பழைய பெரிய கடையின் கட்டடத்தையும் பார்த்தோம். வாசலில் இரும்பை வார்த்துக் கொடியும் இலையுமாக விட்டிருக்கிறார்கள், காஞ்சிபுரத்துக் கரை போல. இப்போது உள்ளே டார்கெட். பால், பேஸ்ட் எல்லாம் அந்த வாசல் வழியாகத்தான் வாங்கிப் போகிறார்கள்.

பழைய உடுப்புக் கடையில் பாச்சை உருண்டை வாசனை. ஹேங்கர்களைத் தள்ளிக்கொண்டே வந்தபோது கனமான கம்பளிக் கோட்டு ஒன்று கையில் பட்டது. வெளிறின செங்கல் நிறம். உள்ளே மார்ஷல் ஃபீல்ட் லேபிள். பழக்கத்தில் அப்படியே உள்பக்கம் வெளியே திருப்பிவிட்டேன். செக்கிங் டேபிளில் எப்போதும் முதலில் அதைத்தான் செய்வேன்.

ஒரு பிசிறு கிடையாது. தையல் ஓரமெல்லாம் பட்டை வைத்துக் கட்டியிருக்கிறது. லைனிங் விளிம்பைக் கையால் தைத்து, கம்பளி இழுபடாமலிருக்கக் கொஞ்சம் தளர்த்தி விட்டிருக்கிறார்கள். பட்டன் ஒவ்வொன்றுக்கும் பின்னால் சின்னதாக இன்னொரு பட்டன், துணி கிழியாமல் தாங்க. பக்கத் தையலுக்குள் ஒரு மாதிரி சின்ன லேபிள்: பெண்கள் உடுப்புத் தொழிலாளர் சங்கம். ஏஎஃப்எல் என்று மட்டும் இருந்தால் 1955-க்கு முந்தியது, அந்த வருஷம்தான் ஏஎஃப்எல், சிஐஓ என்கிற இரண்டு தொழிற்சங்கக் கூட்டமைப்புகளும் ஒன்றாச்சு என்று கடைக்காரப் பையன் சொன்னான். இதில் ஏஎஃப்எல் மட்டும் இருந்தது. தைத்தவளின் அடையாளத்தைத் தைத்த துணியிலேயே வைத்து விற்றிருக்கிறார்கள். நான் கப்பலேற்றிய லட்சக்கணக்கான பீஸில் அப்படி ஒன்று வைக்க இடமே இருந்ததில்லை.

விலை 95 டாலர். கக்கத்தில் பூச்சி அரித்த ஒரு துளையைக் காட்டினேன். பையன் அதுவரை பார்க்கவில்லையாம். "நீங்கள் சொல்லாவிட்டால் தெரிந்திருக்காது" என்று தானாகவே 10 டாலர் குறைத்தான். மகள் போட்டுப் பார்த்தாள். தோள் கச்சிதம். நீளம்தான் முழங்காலோடு நின்றது.

"குட்டையா இருக்கேம்மா."

"எடு கண்ணு, பார்த்துக்கலாம்" என்றேன். விளிம்பைத் தடவினபோது உள்ளே மடிப்புத் தடிமனாக இருந்தது எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 22, ஞாயிறு

இன்றுதான் இலையுதிர்காலத்தின் முதல் நாள் என்று காலண்டரில் போட்டிருக்கிறது. ஹானா ஷாபிரோ மிஷினை நிறுத்தின தேதியும் இதுதான். காலையிலிருந்து மழை. காற்று மாறிவிட்டது. திருப்பூரிலிருந்து கொண்டுவந்த ஸ்வெட்டரை முதல்முறையாகப் போட்டேன். மாப்பிள்ளை பஜ்ஜி போட்டார், வாழைக்காய் கிடைக்காமல் உருளைக்கிழங்கில்.

சாப்பாட்டு மேசையில் கோட்டைப் பரப்பி, தையல் பிரிக்கிற ஊசியால் விளிம்பை ஒவ்வொரு இழையாக எடுத்தேன். மேல் தையல் மிஷின் தையல், பிற்காலத்தது, அவசரமாகப் போட்டது. பாவாடை குட்டையான காலத்தில் யாரோ மடித்திருக்கிறார்கள். துணியை வெட்டவில்லை. உள்ளே நாலு அங்குலத்துக்கு மேல் அப்படியே இருந்தது. அதற்கும் கீழே முதல் மடிப்பின் கோடு, கைத்தையலின் சின்னச் சின்னத் துளைகளோடு.

மகளை ஸ்டூலின் மேல் ஏறி நிற்கச் சொன்னேன். குண்டூசியை வாயில் கவ்விக்கொண்டு தரையில் உட்கார்ந்து, மடிந்திருந்த பட்டையை மெதுவாகக் கீழே இழுத்துவிட்டேன். இத்தனை வருஷம் வெளிச்சம் படாத துணி. மேலே முழுக்க வெளிறின செங்கல் நிறம். அந்த நாலு அங்குலம் மட்டும், கடையில் தொங்கின அன்றைக்கு இருந்த மாதிரியே, விடிந்து கழுவின மருதாணிச் சிவப்பு.